கோமாவில் இருப்பவருக்குப் பசிக்குமா? நினைவிழந்த நோயாளியின் உணவு பற்றிக் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

மருத்துவமனையில் நினைவில்லாமல் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்க வரும் உறவினர்கள் தாதியரிடம் முதலில் கேட்பது, "சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா?" என்பதுதான். வீட்டுக்கு வருபவரைச் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டு வரவேற்பது நம் வழக்கம். பட்டினியின் கொடுமை நம் தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை மட்டுமே தின்று வாழ்ந்ததையும், சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டவர்கள் பசியால் மடிந்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் நம்மவர் ஒருவர் வாய் திறக்காமல் கிடக்கும்போது, "பசியோடு படுத்திருக்கிறாரே" என்று மனம் பதறுவது இயல்பு.

அந்தப் பதற்றத்தில்தான் சிலர் யாருக்கும் தெரியாமல் இரண்டு கரண்டி கஞ்சியை, ஒரு மிடறு கோப்பியை, அல்லது கோயில் தீர்த்தத்தை நோயாளியின் வாயில் ஊற்றிவிடுகிறார்கள். அன்பால் செய்யும் இந்தச் செயல் உயிருக்கே ஆபத்தாகலாம். நினைவிழந்தவருக்குப் பசி தெரியுமா, அவர் உடம்புக்கு என்ன தேவை, அதை எந்த வழியாகக் கொடுக்க வேண்டும், குடும்பத்தினர் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

1. கோமா என்றால் என்ன?

தூங்குபவரை அழைத்தால், தட்டினால், கிள்ளினால் விழித்துக்கொள்வார். கோமாவில் இருப்பவர் எதற்கும் விழிப்பதில்லை. கண்கள் மூடியே இருக்கும். பேச்சுக்கோ வலிக்கோ அறிந்து பதில் கொடுக்கமாட்டார்.

கோமா தனி நோய் அல்ல. மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டதன் விளைவு அது. பக்கவாதம், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயம், மாரடைப்பின்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவது, மூளையில் கிருமித் தொற்று, இரத்தத்தில் இனிப்பு மிகவும் குறைவது அல்லது மிகவும் கூடுவது ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். மூச்சுக் கருவியில் இருப்பவரை மருத்துவர்களே மருந்து கொடுத்து ஆழ்ந்த உறக்கத்தில் வைத்திருப்பதும் உண்டு.

கோமா பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை நீடிக்கும். அதன்பின் சிலர் படிப்படியாக நினைவு திரும்புகிறார்கள். சிலர் இறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் கண் திறக்கிறார்கள், உறங்கி விழிக்கிறார்கள், ஆனால் தம்மையும் சுற்றத்தையும் அறிந்ததற்கான அடையாளம் எதுவும் காட்டுவதில்லை. இந்தக் கடைசி நிலையையும் மக்கள் "கோமா" என்றே சொல்கிறார்கள். மருத்துவர்கள் இதை வேறாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். உணவு விஷயத்தில் இரு நிலைக்கும் அடிப்படை விதி ஒன்றுதான்.

2. அவருக்குப் பசி தெரியுமா?

பசியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, உடல் அனுப்பும் செய்தி. மற்றொன்று, அந்தச் செய்தியை நாம் உணர்வது.

இரைப்பை காலியாகும்போது அது கிரெலின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இரத்தம் வழியாக இது மூளையின் அடிப்பகுதிக்குப் போய், "உணவு தேவை" என்று தெரிவிக்கிறது. "எனக்குப் பசிக்கிறது" என்று நாம் உணர்வதற்கு மூளையின் மேற்பகுதியும் விழிப்போடு வேலை செய்ய வேண்டும். ஆழ்ந்த கோமாவில் அந்த விழிப்பு இல்லை. ஆகவே அவர் நம்மைப் போல் பசியால் வாடிக்கொண்டிருக்கவில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். இது குடும்பத்தினருக்கு ஓரளவு ஆறுதல் தரும் செய்தி.

"வயிறு சத்தம் போடுகிறதே?" என்று கேட்பீர்கள். காலியான இரைப்பையும் குடலும் சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே சுருங்கி, உள்ளே மிஞ்சியதைத் தள்ளிவிடும். அதில் காற்றும் நீரும் நகரும்போது சத்தம் வரும். தூங்கும்போது நம் எல்லோருக்கும் இது நடக்கிறது. கண் திறந்தும் அறிவு திரும்பாத சிலர் மெல்லுவது போல் வாயை அசைப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், உதட்டில் கரண்டி பட்டால் வாய் திறப்பார்கள். இவை பெரும்பாலும் தானாக நடக்கும் அனிச்சைச் செயல்கள். பசிக்கிறது என்றோ, விழுங்கத் தயாராகிவிட்டார் என்றோ இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியே அசைவே காட்டாத சிலருக்கு உள்ளே அறிவு இருக்கக்கூடும். சொன்னபடி எதையும் செய்ய முடியாதிருந்த 241 நோயாளிகளின் மூளையைக் கருவிகளால் ஆராய்ந்த முடிவுகள் 2024-இல் வெளியாயின. அவர்களில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், சொன்னதைப் புரிந்துகொண்டு மனத்தளவில் பதில் கொடுத்தது தெரிய வந்தது. அதனால் நோயாளியின் அருகில் நின்று "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று பேச வேண்டாம். உணவு கொடுக்கும்போதும், "அப்பா, இப்போது பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

3. பசி தெரியாவிட்டாலும் உணவு ஏன் தேவை?

படுத்தே இருப்பவருக்கும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் விரிகிறது, சிறுநீரகம் வேலை செய்கிறது. மூளை மட்டுமே நம் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். காய்ச்சலும் காயமும் இருந்தால் செலவு இன்னும் கூடும்.

உணவு வராவிட்டால், கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடல் கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்கும். 2013-இல் வெளியான, லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 63 நோயாளிகளின் தொடைத் தசை அளக்கப்பட்டது. பத்தே நாட்களில் அந்தத் தசையின் பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்திருந்தது. மூச்சு விடுவதற்கும் இருமிச் சளியைத் துப்புவதற்கும் தசைதான் வேண்டும். தசை கரைந்தால் படுக்கைப் புண் ஆறாது, சளி தேங்கும், நினைவு திரும்பினாலும் எழுந்து உட்காரப் பலம் இருக்காது.

அதனால்தான் இரத்த ஓட்டம் சீரானதும், பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள், மருத்துவமனையில் குழாய் வழியாக உணவைத் தொடங்குகிறார்கள். கையில் ஏற்றும் "தண்ணி"யை மட்டும் பார்த்து, அதுவே சாப்பாடு என்று நினைக்க வேண்டாம். அந்தப் புட்டியில் பெரும்பாலும் நீரும் உப்பும் சிறிது சர்க்கரையும்தான் இருக்கும்.

உணவை மெதுவாகத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், நெடுநாள் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட சிலர் திடீரென வயிறாரச் சாப்பிட்டதும் இறந்தார்கள். வாடிய உடலுக்குள் உணவு ஒரேயடியாகப் போனால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே பல நாள் சாப்பிடாமல் இருந்து நினைவிழந்தவருக்கு முதல் நாட்களில் குறைவாகத்தான் கொடுப்பார்கள். "இவ்வளவுதானா?" என்று தோன்றினாலும் அந்த அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

4. வாய் வழியாக ஏன் கொடுக்கக் கூடாது?

நம் தொண்டையில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று இரைப்பைக்குப் போகிறது, மற்றொன்று நுரையீரலுக்குப் போகிறது. நாம் விழுங்கும் கணத்தில் மூச்சுக் குழாயின் மேல் ஒரு மூடி வந்து அடைத்துக்கொள்ளும். தவறி ஒரு சொட்டு உள்ளே போனாலும் புரையேறி, இருமி வெளியே தள்ளிவிடுவோம்.

கோமாவில் இந்த இரு காவலும் சரியாக வேலை செய்வதில்லை. வாயில் ஊற்றியது நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். இருமல் வராததால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. "அழகாகக் குடித்துவிட்டார்" என்றே தோன்றும். ஓரிரு நாளில் காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும். அதுதான் நிமோனியா. நினைவிழந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

தண்ணீர், கோப்பி, மைலோ, கஞ்சி, தேன், இளநீர், நாட்டு மருந்து, தீர்த்தம் எதுவாக இருந்தாலும் விதி ஒன்றே. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தீர்த்தமோ விபூதியோ கொண்டு வந்தால் நெற்றியில் இடுங்கள். பிரசாதத்தை அவர் பேரைச் சொல்லி நீங்கள் சாப்பிடுங்கள்.

வீட்டில் திடீரென மயங்குபவருக்கும் இதே விதிதான். இனிப்பு நீர் நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் இனிப்பு குறைந்து வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறி, நினைவிழக்க நேரிடும். அவர் விழித்திருந்து நன்றாக விழுங்க முடிந்தால் மட்டும் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு போய்விட்டால் சீனித் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, உடனே 999-ஐ அழையுங்கள்.

5. உணவு போகும் குழாய்கள்

மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயைத் தாதியர் "ரைல்ஸ் டியூப்" என்பார்கள். 1921-இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் ரைல் என்பவரின் பெயர் அது. குழாயைப் போடும்போது சிறிது சங்கடம் இருக்கும். போட்ட பிறகு பெரும்பாலோருக்கு அது பழகிவிடும்.

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றின் தோல் வழியாக நேராக இரைப்பைக்குள் ஒரு குழாய் வைப்பதை மருத்துவர் பரிந்துரைக்கலாம். இதை "பெக்" என்பார்கள். 1979-இல் அமெரிக்காவில் முதலில் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட இந்த முறை இன்று உலகெங்கும் உள்ளது. "வயிற்றில் ஓட்டை போடுகிறார்களே" என்று பயப்பட வேண்டாம். மூக்கில் புண் வராது, குழாய் எளிதில் கழன்று வராது, முகமும் பழையபடி இருக்கும். தேவை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

6. குழாயில் என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது?

அளவை உணவியல் நிபுணர்தான் முடிவு செய்வார். அவர் கணக்கிடும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1500 முதல் 1800 கலோரி. கடும் நோயில் ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 1.2 கிராம் புரதம் வேண்டும். அதே 60 கிலோ மனிதருக்கு இது 72 கிராம், ஏறக்குறைய 12 முட்டைகளில் இருக்கும் புரதம்.

கஞ்சி மட்டும் ஏன் போதாது என்பது இப்போது புரியும். வடித்த கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். மைலோவிலும் ஹோர்லிக்ஸிலும் இனிப்பு அதிகம், புரதம் குறைவு. விரால் மீன் சூப்பும் கோழிச் சாறும் நம் நாட்டில் பெயர் பெற்றவை. நல்லவைதான், ஆனால் தெளிந்த சாறு ஒரு முழு வேளை உணவுக்கு ஈடாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். வீட்டில் அரைத்த சோறும் காய்கறியும் குழாயை அடைத்துவிடும், கிருமியும் எளிதில் சேரும்.

ஆகவே குழாய்க்கென்றே தயாரான பாலைத்தான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அதில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், உப்பு எல்லாம் கணக்கோடு இருக்கும். இனிப்பு நீர், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தனி வகைகள் உண்டு. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வெட்கப்படாமல் உணவியல் நிபுணரிடம் சொல்லுங்கள். பாலில் தண்ணீரைக் கூட்டி, டின்னை நாள் கடத்த முயலாதீர்கள். குழாயில் பால் போய்க்கொண்டிருந்தாலும் நோயாளி மெலிந்துகொண்டே போவார். சைவக் குடும்பம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. வீட்டில் ஊட்டும் முறை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், தாதியர் உங்களுக்குச் செய்து காட்டுவார்கள். அவர்கள் முன்னிலையில் நீங்களும் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். குடும்பத்தில் குறைந்தது இருவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

1. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

2. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். மருத்துவக் கட்டில் இல்லையென்றால் முதுகுக்குப் பின் உறுதியான தலையணைகளை அடுக்குங்கள். தட்டையாகப் படுத்திருப்பவருக்கு ஒருபோதும் பால் கொடுக்காதீர்கள்.

3. மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாதி கற்றுக்கொடுத்தபடி, ஊசிக் குழலால் சிறிது இரைப்பை நீரை எடுத்துச் சோதனைத் தாளில் வையுங்கள். 5.5 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் குழாய் இரைப்பையில் இருக்கிறது எனலாம். சந்தேகம் இருந்தால் கொடுக்காதீர்கள். தாதியை அழையுங்கள்.

4. முதலில் சுமார் 30 மில்லி நீரை விடுங்கள்.

5. பாலை ஊசிக் குழலில் ஊற்றி, உயர்த்திப் பிடித்து, தானாக இறங்க விடுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். அவசரப்பட்டு அழுத்தித் தள்ளாதீர்கள்.

6. முடிந்ததும் மீண்டும் 30 மில்லி நீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடுங்கள்.

7. ஒரு மணி நேரம் தலை உயர்ந்தே இருக்கட்டும். அதற்குப் பிறகே குளிப்பாட்டுவதும் திருப்பிப் படுக்க வைப்பதும்.

மருந்தைப் பாலோடு கலக்காதீர்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கலாம் என்றும் இல்லை. மருந்தாளரிடம் கேட்டு, ஒவ்வொன்றையும் தனியே நீரில் கரைத்துக் கொடுங்கள். கலக்கி வைத்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வாயில் உணவு போகாவிட்டாலும் வாய் அழுக்காகும். அந்தக் கிருமி உமிழ்நீரோடு நுரையீரலுக்குப் போகும். எனவே காலையும் இரவும் தலையை உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஈரமான மெல்லிய துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ பல், ஈறு, நாக்கு ஆகியவற்றைத் துடையுங்கள். அதிக நீர் வேண்டாம். உதட்டில் சிறிது களிம்பு தடவுங்கள்.

8. உடனே உதவி தேட வேண்டிய அறிகுறிகள்

உணவு போகும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலமாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பாலை நிறுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள். குழாய் கழன்று வந்தால் நீங்களாகத் திருப்பித் தள்ளாதீர்கள். "பெக்" குழாய் கழன்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். தொடர் வாந்தி, வயிறு கல்லாக உப்புவது, நீங்காத வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கறுத்துக் குறைந்த சிறுநீர் ஆகியவற்றையும் அன்றே தெரிவியுங்கள். இன்சுலின் போடுபவருக்குப் பால் கொடுக்க முடியாமல் போனால், அடுத்த இன்சுலினைப் போடும் முன் கட்டாயம் கேளுங்கள்.

9. தாதியர் காட்டிய வழி: அருணாவின் வரலாறு

மும்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற இளம் தாதி வேலை செய்தார். 1973 நவம்பர் 27-ஆம் நாள் இரவு அங்கேயே அவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய அருணா திரும்பவில்லை. செய்திகளில் "கோமா" என்று எழுதினாலும், அவர் கண் திறந்து, உறங்கி விழிக்கும் அந்த மற்ற நிலையில் இருந்தார்.

அவரை அந்த மருத்துவமனைத் தாதியர் 42 ஆண்டுகள் தங்கள் சகோதரி போல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறைத் தாதியர் ஓய்வு பெற, அடுத்த தலைமுறை அந்தப் பொறுப்பை ஏற்றது. அருணாவுக்கு விழுங்கும் திறன் ஓரளவு இருந்ததால், மசித்த உணவை வாய் வழியாகவே பல ஆண்டுகள் ஊட்டினார்கள். 2010 செப்டம்பரில் மலேரியாக் காய்ச்சல் வந்து சாப்பிடுவது குறைந்ததும் மூக்குக் குழாய்க்கு மாறினார்கள். அத்தனை ஆண்டு படுக்கையிலும் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்று மருத்துவமனை நீதிமன்றத்தில் தெரிவித்தது. சரியான உணவும், நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைத்ததும் சேர்ந்து தந்த பலன் அது.

அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி அவரை அமைதியாகப் போக விட வேண்டும் என்று, எழுத்தாளர் பிங்கி விரானி இந்திய உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். தாதியர் அதை ஏற்கவில்லை. 2011 மார்ச் 7-ஆம் நாள் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. உணவு தொடர்ந்தது. 2015 மே 18-ஆம் நாள் நிமோனியாவால் அருணா காலமானார்.

இரு தரப்பும் அருணாவின் நன்மையையே நினைத்தன. நாம் அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கான பாடம் வேறு. அந்தத் தாதியர் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. விழுங்க முடிந்த வரை வாய் வழி, முடியாதபோது குழாய் வழி என்று, நோயாளியின் நிலையைப் பார்த்து வழியை மாற்றினார்கள். வாய் வழி பாதுகாப்பானதா என்பதைப் பயிற்சி பெற்றவர்தான் சொல்ல வேண்டும்.

10. நினைவு திரும்பும்போது

கண் விழித்ததும், "இனி வாயால் சாப்பிடட்டும்" என்று அவசரப்படாதீர்கள். விழுங்கும் திறன் நினைவைவிடத் தாமதமாகத் திரும்பலாம். பேச்சுச் சிகிச்சையாளர் முதலில் சோதித்துப் பார்ப்பார். பெரும்பாலும் முதலில் அனுமதிப்பது கூழ் போன்ற கெட்டியான உணவு. தண்ணீரும் கோப்பியும் வேகமாக ஓடி மூச்சுக் குழாயில் நுழைந்துவிடும் என்பதால் அவை பிறகுதான் வரும். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள். போதிய அளவு வாயால் சாப்பிடும் வரை குழாயும் இருக்கும்.

11. உடல் விடைபெறும் நேரம்

சில நோயாளிகள் மீளமாட்டார்கள். இறப்பு நெருங்கும்போது உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அப்போது கொடுக்கும் பால் செரிப்பதில்லை. வயிறு உப்புகிறது, நுரையீரலில் நீர் சேர்கிறது. அந்த நேரத்தில் உணவைக் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம் என்று மருத்துவர் சொன்னால், "பட்டினி போட்டுக் கொல்கிறார்கள்" என்று எண்ண வேண்டாம். உணவு இல்லாததால் அவர் இறக்கவில்லை. இறந்துகொண்டிருப்பதால் உடல் உணவை ஏற்கவில்லை. புரியும் வரை மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகள் அனைவரும் ஒன்றாக இருக்கும்போது பேசுவது பிற்காலச் சண்டைகளைத் தவிர்க்கும்.

கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். தாதியிடம் சொல்லுங்கள். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றி எடுக்கலாம். முறையும் நிறைவேறும், அவருக்கு மூச்சும் அடைக்காது.

12. பார்த்துக்கொள்பவரின் சாப்பாடு

படுக்கையில் இருப்பவருக்கு மூன்று மணிக்கொரு முறை பால் கொடுத்துவிட்டு, தாம் நாள் முழுதும் வெறும் கோப்பியோடு ஓட்டும் மனைவிமார்களும் மகள்களும் உண்டு. அவர்களில் பலருக்கே இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அடுத்து மயங்கி விழுவது அவர்களாக இருக்கலாம். அவருக்குப் பால் கொடுக்கும் நேரத்தையே உங்கள் சாப்பாட்டு நேரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வரும் உறவினர்களே, நோயாளிக்கு ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கி வருவதைவிட, பார்த்துக்கொள்பவருக்கு ஒரு வேளை சோறு கொண்டு வாருங்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் இருந்து, அவரைத் தூங்க விடுங்கள்.

13. ரெம்பாவ் வட்டாரத்தில் உதவி

செம்போங், பெடாஸ் உட்பட ரெம்பாவ் தோட்டங்களில் வாழ்பவர்கள் ரெம்பாவ் மருத்துவமனையிலோ சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்றிருப்பார்கள். வீடு திரும்பும் முன் "பெராவாத்தான் டொமிசிலியாரி" சேவை பற்றிக் கேளுங்கள். தகுதி பெறும் படுக்கை நோயாளிகளின் வீட்டுக்கே சுகாதாரக் கிளினிக் குழு வந்து கவனிக்கும் சேவை அது. குழாய் பராமரிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குடும்பத்தினருக்குப் பயிற்சி ஆகியவற்றில் உதவுவார்கள்.

படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சமூக நலத் துறையில் உதவித் திட்டம் உண்டு. நோயாளி சொக்சோ சந்தா கட்டியவர் என்றால் அங்கும் விசாரியுங்கள். மலாய் பாரம் நிரப்பத் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியிடம் உதவி கேளுங்கள், பேரப்பிள்ளைகளையும் துணைக்கு அழைத்துப் போங்கள்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

*கோமாவில் இருப்பவருக்கு வயிறு சத்தம் போட்டால் பசிக்கிறது என்று பொருளா?* இல்லை. அது குடலின் இயல்பான அசைவு. ஆனாலும் குறித்த நேரத்தில், குறித்த அளவு உணவு அவருக்குத் தேவை.

*ஒரு கரண்டி தண்ணீர் மட்டும் வாயில் விடலாமா?* கூடாது. ஒரு கரண்டியும் நுரையீரலுக்குள் போகலாம்.

*குழாயில் பால் விடும்போது எப்படிப் படுத்திருக்க வேண்டும்?* தலை 30 முதல் 45 டிகிரி உயர்ந்து, முடிந்த பின் ஒரு மணி நேரம் அப்படியே.

*குழாய் கழன்றால்?* திருப்பிப் போடாதீர்கள். தாதியையோ மருத்துவமனையையோ நாடுங்கள்.

*குடும்பத்தினர் தம் அன்பை எப்படிக் காட்டலாம்?* பால் கொடுக்கும் நேரத்தைத் தவறவிடாமல், வாயைத் துடைத்து, இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்து, கையைப் பிடித்துப் பேசுவதன் மூலம்.

இந்தக் கையேட்டைப் படித்ததும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள்.